டெல்டா ஊர்களில் டவுன் பஸ்ஸை விட்டுப் போனவர்களை மறுபடி ஏற வைக்க முடியுமா?

தஞ்சாவூர், கும்பகோணம், மாயவரம் மாதிரி ஊர்களில் டவுன் பஸ்ஸை விட்டு பைக்குக்கு மாறியவர்களைத் திரும்ப வரவைக்க என்ன புதுமை செய்யலாம், ஆப், ஏசி, எலக்ட்ரிக் பஸ் என்று பேசுகிறார்களே, அதில் எது முதலில், பெரிய பணம் இல்லாத ஊர் எங்கிருந்து ஆரம்பிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

அந்த மூன்றில் எதையும் முதலில் செய்ய வேண்டாம் என்பது என் பதில். நான் பஸ்ஸுக்கு நேர அட்டவணை போடும் வேலையில் முப்பது வருஷத்துக்குக் கிட்ட இருந்தவன். அந்தப் பக்கத்திலிருந்து பார்த்ததைச் சொல்கிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் போகும்.

முதலில் விலை. பஸ் மலிவாக இருந்தால் ஜனம் வரும் என்று எல்லோரும் நினைக்கிறோம். ஊரிலிருந்து 12 கிலோமீட்டர் வந்து போகிறவர் பைக்கில் ஒரு நாளைக்கு 24 கிலோமீட்டர் ஓட்டுகிறார். அரை லிட்டர் பெட்ரோல், லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால் 50 ரூபாய். வண்டித் தவணை, சர்வீஸ், டயர் எல்லாம் தனி. பஸ்ஸில் அதைவிடக் குறைவாகத்தான் ஆகும். தெரிந்தேதான் பைக்கில் போகிறார். பெண்களுக்கு 2021 மே 8 முதல் சாதாரண டவுன் பஸ்ஸில் டிக்கெட்டுக்குக் காசே இல்லை. அது பெரிய காரியம், சந்தேகமில்லை. மாநிலத் திட்டக் குழு நாகப்பட்டினத்தையும் சேர்த்து எடுத்த ஆய்வில் ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சம் என்று வந்தது. நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிற வீட்டில் 888 ரூபாய் என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. ஆனால் காசில்லாத பஸ் வாசலில் வந்து நிற்கும்போதே தவணையில் ஸ்கூட்டி எடுக்கிற பெண்களையும் நம் தெருவிலேயே பார்க்கிறோம். அவர்களுக்குக் கணக்குத் தெரியாது என்று நினைத்தால் நாம்தான் ஏமாளிகள். வரும் என்று நிச்சயமில்லாத பஸ்ஸுக்காக நிற்க முடியாமல்தான் வாங்குகிறார்கள்.

நிற்பது என்றால் எவ்வளவு நேரம்? இதை ஒரு சின்னக் கணக்காகவே போடலாம். ஒரு வழித்தடத்தில் மணிக்கு நாலு பஸ். கால்மணிக்கு ஒன்று என்று சீராக வந்தால், எப்போது நிறுத்தத்துக்கு வந்தாலும் சராசரியாக ஏழரை நிமிஷம் நிற்க வேண்டும். அதே நாலு பஸ் ரெண்டு ரெண்டாக ஒட்டிக்கொண்டு அரைமணிக்கு ஒருமுறை வந்தால் சராசரி 15 நிமிஷம். நாலும் பத்து நிமிஷத்துக்குள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்விட்டால் 20 நிமிஷத்துக்கு மேலே. பஸ் எண்ணிக்கை அதேதான், டீசல் அதேதான், டிரைவர் சம்பளம் அதேதான். அலுவலகத்தில் காகிதத்தைப் பார்த்தால் மணிக்கு நாலு ட்ரிப் ஓடியிருக்கும், எல்லாம் சரியாக இருக்கும். வெயிலில் நிற்கிறவருக்கு மட்டும் சேவை பாதியாகியிருக்கும்.

பஸ்கள் ஏன் ஒட்டிக்கொள்கின்றன? முன்னால் போகிற பஸ் ஏதோ ஒரு ரயில்வே கேட்டில் ரெண்டு நிமிஷம் மாட்டுகிறது. அந்த ரெண்டு நிமிஷத்தில் அடுத்த நிறுத்தத்தில் இன்னும் நாலு பேர் சேர்கிறார்கள். அவர்களை ஏற்ற இன்னும் தாமதம். பின்னால் வருகிற பஸ்ஸுக்கு ஆளே இல்லை, அது பறந்து வருகிறது. நாலாவது நிறுத்தத்தில் ரெண்டும் ஒன்றாக நிற்கும். முன்னதில் படியில் தொங்குவார்கள், பின்னதில் ஜன்னலோர சீட் காலியாக இருக்கும். இதை அவிழ்க்கப் பெரிய தொழில்நுட்பம் வேண்டாம். பாதி வழியில் ஒரு டைம் கீப்பர் நின்று பின்னால் வருகிற வண்டியை ஐந்து நிமிஷம் பிடித்து வைத்து விட்டால் போதும். ஆனால் அந்த வண்டியில் உட்கார்ந்திருப்பவர்கள் கத்துவார்கள், அதனால் யாரும் செய்வதில்லை. வண்டியில் இருப்பவர் குரல் கேட்கிறது, அடுத்த நிறுத்தத்தில் நிற்பவர் குரல் கேட்பதில்லை. நான் வேலையில் இருந்தபோது எனக்கும் அப்படித்தான்.

நேரத்தைப் பற்றி இன்னொன்று. டெல்டாவில் பஸ்ஸே கடிகாரமாக இருந்த காலம் ஒன்று உண்டு. தனியார் ரூட் பஸ்ஸுக்கு எந்த ஊரில் எத்தனை மணிக்கு என்று பர்மிட்டிலேயே நேரம் இருக்கும், அது தப்பினால் அடுத்த வண்டிக்காரரோடு சண்டை. அதனால் நிமிஷம் பிசகாமல் வரும். 'எட்டு பத்து வண்டி போயிடுச்சா' என்று கேட்டுத்தான் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்புவோம். யாரும் அட்டவணை பார்த்ததில்லை, மனசிலேயே இருந்தது. சுவிட்சர்லாந்தில் 1982-இல் நாடு முழுக்க ரயில் நேரத்தை இதே யோசனையில்தான் மாற்றினார்கள். ஒவ்வொரு மணிக்கும் அதே நிமிஷத்தில் ரயில். 7.12-க்கு இருந்தால் 8.12, 9.12, 10.12. ஒருமுறை தெரிந்துகொண்டால் போதும், வாழ்நாள் முழுக்க டைம்டேபிள் வேண்டாம். நம்மூர் டவுன் பஸ் அட்டவணையை எடுத்துப் பாருங்கள்: 6.05, 6.50, 7.20, 8.35, 9.00. இது டிரைவர் டியூட்டிக்கும் டிப்போவுக்கும் தோதாகப் போட்டது. நானே எத்தனையோ போட்டிருக்கிறேன். கும்பகோணத்திலிருந்து சுவாமிமலைக்கு 10, 30, 50-க்கு என்று போட்டு, அதை ஒவ்வொரு நிறுத்தத்திலும் டீக்கடைச் சுவரில் பெயின்ட்டில் எழுதி வைத்துவிடலாம். ஒரு டப்பா பெயின்ட் செலவு. ஆனால் எழுதினபடி ஓட வேண்டும், அதுதான் கஷ்டம்.

சரி, இப்போது நான் செய்த தப்பு ஒன்றைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் உங்கள் கேள்விக்கு உண்மையான பதில் அதில்தான் இருக்கிறது.

வெண்ணாற்றங்கரையில் ஒரு கிராமம். அங்கே ஒரு நைட் ஹால்ட் வண்டி. ராத்திரி ஒன்பதரைக்கு ஊருக்குள் வந்து பிள்ளையார் கோயில் முன்னால் நிற்கும். டிரைவரும் கண்டக்டரும் வண்டியிலேயே படுத்துக்கொள்வார்கள், யார் வீட்டிலிருந்தாவது குழம்பு வரும். காலையில் 5.40-க்குத் தஞ்சாவூருக்குக் கிளம்பும். வருஷ முடிவில் கணக்குப் பார்த்தால் அந்த 5.40 ட்ரிப்பில் கலெக்‌ஷன் ரொம்பக் குறைவு, இருபது பேர் கூட இல்லை. ராத்திரி ஒன்பதரை ட்ரிப்பில் அதைவிடக் குறைவு. நைட் ஹால்ட்டை எடுத்துவிட்டு முதல் வண்டி ஏழு மணிக்கு என்று நான்தான் எழுதிக் கொடுத்தேன். மேலே உடனே ஒத்துக்கொண்டார்கள், பாராட்டும் கிடைத்தது.

மூணு நாலு மாதத்தில் அதே வழித்தடத்தில் பகல் பதினொரு மணி, மதியம் ரெண்டு மணி ட்ரிப்புகளும் காற்று வாங்க ஆரம்பித்தன. அவற்றில் நான் கையே வைக்கவில்லை. ஒன்றும் புரியாமல் ஒரு நாள் அந்த ஊருக்கே போய் உட்கார்ந்தேன். கீரை விற்கிற அம்மா ஒருவர், அறுபது வயசுக்கு மேலே இருக்கும், கூடையைத் துணியால் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"காலையில போற வண்டிய எடுத்துப்புட்டீங்க. போகாதவ எப்படித் தம்பி திரும்பி வருவா?"

எனக்கு அவ்வளவு நேரமும் அந்தக் கணக்கு எட்டவில்லை. 5.40-இல் போன இருபது பேரில் ஆறேழு பேர் தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியில் ஓ.பி. சீட்டுப் போட வரிசையில் நிற்கப் போனவர்கள். ஏழு மணி வண்டியில் போனால் வரிசை மண்டபத்தைத் தாண்டி வெளியே இருக்கும். நாலைந்து பேர் கீரையும் பூவும் கொண்டு போனவர்கள், சந்தை விடிகாலையில்தான். மீதி, திருச்சிக்கு வேலைக்கு ரயில் பிடிக்கப் போனவர்கள். இவர்கள் எல்லோரும் திரும்பி வந்ததும் நம் பஸ்ஸில்தான், பதினொன்றுக்கும் ரெண்டுக்கும். நான் 5.40-ஐ ஒரு ட்ரிப்பாகப் பார்த்தேன். அவர்களுக்கு அது ஒரு நாளின் முன்பாதி.

ராத்திரி வண்டி இன்னும் விசித்திரம். அதில் பெரும்பாலும் ஆளே ஏறியதில்லை. ஆனால் அது இருக்கிறது என்ற தைரியத்தில்தான் பலர் சாயங்காலம் ஏழு மணி வண்டியில் நிதானமாக வந்திருக்கிறார்கள். 'விட்டா ஒன்பதரை இருக்கு.' அதை எடுத்ததும், ஒருவேளை ஏழு மணி வண்டியைத் தவறவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தில் காலையிலேயே பைக்கை எடுத்துவிட்டார்கள். காலியாக ஓடுகிற வண்டி ஒரு வேலை செய்கிறது என்று எந்த கலெக்‌ஷன் ஷீட்டும் சொல்லாது. பிறகு போராடி அந்த நைட் ஹால்ட்டைத் திரும்பப் போட்டோம். பழைய கூட்டம் வர ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. கீரைக்கார அம்மா வரவில்லை. லோடு ஆட்டோக்காரரோடு மாதக் கணக்குப் பேசி முடித்திருந்தார்.

இதற்கு நேர்மாறாக நல்லபடி நடந்ததும் ஒன்று உண்டு. கும்பகோணத்தில் ஜவுளிக்கடை வேலைக்கு சுற்றுக் கிராமங்களிலிருந்து வருகிற பெண்கள் நிறைய. கடை ஒன்பதுக்கு மூடும், ஷட்டர் போட்டு, கணக்கு முடித்து, பையைச் சோதித்து வெளியே விட 9.10 ஆகும். ஒரு கடைசி வண்டி 8.50-க்குக் கிளம்பிக்கொண்டிருந்தது, ஏனென்றால் எப்போதும் 8.50-க்குத்தான் கிளம்பும். அதை 9.25 ஆக்கினோம். அவ்வளவுதான். புது வண்டி இல்லை, புது டிரைவர் இல்லை. காலியாகப் போன வண்டி நின்றுகொண்டு போகிற அளவுக்கு நிறைந்தது. பயணியை மையமாக வைத்துப் புதுமை என்று பெரிய மீட்டிங்கில் பேசுகிறார்களே, அது இந்த 35 நிமிஷம்தான்.

அப்புறம் படி. இதை ஆண்கள், அதுவும் அதிகாரிகள், யோசிப்பதே இல்லை, ஜீப்பில் போகிறவர்களுக்கு எப்படித் தெரியும். நகரப் பேருந்துக்கான அளவுகளில் தளத்தின் உயரம் 400 மில்லிமீட்டர், 650, 900 என்று மூன்று வகை. தாழ்தளம் என்பது 400. நம்மூரில் ஓடுகிறவை பெரும்பாலும் உயரம் கூடியவை. ஒரு மூட்டுவலிக்காரப் பாட்டி ஏறுவதைக் கவனித்துப் பாருங்கள். முதலில் கூடையை மேலே வைப்பார், பிறகு ரெண்டு கையாலும் கம்பியைப் பிடிப்பார், ஒரு காலைத் தூக்கி வைத்துவிட்டு மறுகாலை இழுக்கும்போது கண்டக்டர் விசில் கொடுத்திருப்பார். ஒருத்தர் ஏற அரை நிமிஷம், ஒரு நிறுத்தத்தில் இப்படி நாலு பேர் என்றால் ரெண்டு நிமிஷம். முன்னால் சொன்ன அந்த ரெண்டு நிமிஷம் இங்கேயும் பிறக்கிறது. பிரேசிலில் குரிச்சிபா நகரத்தில் 1991-இல் குழாய் மாதிரி நிறுத்தங்கள் கட்டினார்கள். மேடை பஸ் தளத்தின் உயரத்துக்கே இருக்கும், டிக்கெட்டும் வெளியிலேயே முடிந்துவிடும், கதவு திறந்ததும் ஜனம் வீட்டுக்குள் நடந்து போவது போல உள்ளே போகும். அதை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. நாலு தேரோடும் வீதியும் அவற்றை ஒட்டிய சந்தும்தான் நம் ஊர்கள், நிறுத்தத்துக்கே இடமில்லை. ஆனால் கூட்டம் அதிகம் ஏறும் பத்து நிறுத்தங்களில் நடைமேடையை ஒரு அடி உயர்த்தி, டிரைவர் அதை ஒட்டி நிறுத்தினால் முதல் படியின் உயரம் நன்றாகக் குறைந்துவிடும். 400 மில்லிமீட்டர் தளம் நம் வேகத்தடைகளிலும் ஐப்பசி மழையில் முழங்கால் தண்ணீரிலும் என்ன பாடுபடும் என்ற கவலை எனக்கு உண்டு, அதனால் டவுன் பஸ்ஸுக்கு 650 போதும் என்பேன். வாசலை ஒட்டி ரெண்டு சீட்டை எடுத்துவிட்டுக் கூடை வைக்க இடம் விடுங்கள். கூடைக்கு இடமிருந்தால் கூடைக்காரர் வருவார்.

நிழற்குடை பற்றிச் சொல்லவே வேண்டாம். நிழற்குடை ஒரு இடத்தில், பஸ் நிற்பது அம்பது அடி தள்ளி. உள்ளே உட்கார்ந்தால் பக்கச் சுவரும் பெயர்ப் பலகையும் மறைத்து வருகிற பஸ் தெரியாது. அதனால் எல்லோரும் வெயிலில்தான் நிற்பார்கள், உள்ளே ஆடு படுத்திருக்கும்.

ஆப் விஷயத்துக்கு வருகிறேன். நான் ஆப்புக்கு எதிரி இல்லை. சென்னையில் 2022-இல் மாநகரப் பஸ் எங்கே வருகிறது என்று பார்க்க வசதி வந்தது. 2025 செப்டம்பரில் 'சென்னை ஒன்று' என்ற ஆப்பில் பஸ், மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றுக்கும் ஒரே இடத்தில் டிக்கெட் எடுக்கலாம் என்று ஆக்கினார்கள். அங்கே அது பொருந்தும், ஒருவர் ஒரு பயணத்தில் மூன்றிலும் ஏறுகிறார், அதைச் சேர்த்துவைக்க ஒரு குழுமமும் இருக்கிறது. இங்கே பஸ் வருகிற இடம் தெரிந்து என்ன பயன், அது அடுத்து முக்கால் மணி கழித்துத்தான் என்று தெளிவாகத் தெரியும், அவ்வளவுதான். திருவையாற்றுப் பக்கம் காலேஜ் பிள்ளைகள் வாட்ஸப் குரூப்பில் 'வண்டி கண்டியூர் தாண்டிருச்சு' என்று போட்டுக்கொள்கிறார்கள். அதைவிட நல்ல ஆப்பை நான் பார்க்கவில்லை. செய்வதானால் அந்தக் குரூப்பில் டைம் கீப்பரையும் சேர்த்துவிடுங்கள். ட்ரிப் கட் ஆனால் அவர் ஒரு வரி போடட்டும். வராத பஸ்ஸை 'வராது' என்று சொல்வதே பாதி மரியாதை.

கூப்பிட்டால் வருகிற பஸ் என்றும் சிலர் சொல்வார்கள். ஹெல்சிங்கியில் 2012 முதல் அப்படி மினி பஸ் ஓட்டினார்கள், போனில் பதிவு செய்தால் வழி மாறி வந்து ஏற்றிக்கொள்ளும். ஜனங்களுக்குப் பிடித்திருந்தது, ஆனால் ஒரு ஆளை ஏற்ற ஆகும் செலவு தாங்காமல் 2015 முடிவில் நிறுத்திவிட்டார்கள். நம்மூரில் ஷேர் ஆட்டோக்காரர் எந்த மென்பொருளும் இல்லாமல் கையைக் காட்டினால் நிற்கிறார். அவரைத் துரத்தாமல் பஸ் நிறுத்தத்துக்குக் கூட்டிவருகிறவராக மாற்ற முடியுமா என்று யோசிப்பது புத்திசாலித்தனம்.

ஏனென்றால் இங்கே பஸ்ஸைவிட மோசம் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவது. மாயவரத்தில் ரயிலடி ஒரு பக்கம், பஸ் ஸ்டாண்டு மூணு கிலோமீட்டர் தள்ளி. தஞ்சாவூரில் ரயிலடிக்குப் பக்கம் பழைய பஸ் ஸ்டாண்டு, வெளியூர் வண்டி பெரும்பாலும் நாலைந்து கிலோமீட்டர் தள்ளிப் புதிய பஸ் ஸ்டாண்டில். ரயில் வந்து நின்ற ரெண்டாவது நிமிஷம் டவுன் பஸ் கிளம்பிப் போவதை நானே பார்த்திருக்கிறேன், வேண்டுமென்றே செய்வது போல இருக்கும். வேண்டுமென்று இல்லை, ரயில் நேரம் மாறியது அட்டவணை போட்டவருக்குத் தெரியாது. மினி பஸ் 1997-இலேயே வந்தது. புதிய மினி பஸ் திட்டத்தை 2025 ஜூன் 16-இல் தஞ்சாவூரில்தான் தொடங்கினார்கள். பஸ் போகாத ஊர்களைச் சேர்க்க, அதிகபட்சம் 25 கிலோமீட்டர் தூரத்துக்கு. நல்ல திட்டம். ஆனால் மினி பஸ் கைகாட்டிக்கு வந்து சேரும்போது மெயின் ரோட்டில் டவுன் பஸ் அப்போதுதான் போயிருந்தால், கிராமத்துக்காரருக்கு அது பஸ் வந்த கணக்கில் சேராது. ரெண்டு பேரும் ஒரே கைகாட்டியில் ஐந்து நிமிஷம் காத்திருப்பது என்று எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

டிரைவர், கண்டக்டரை விட்டுவிட்டு எதையும் செய்ய முடியாது. கலெக்‌ஷனை வைத்து பேட்டா கணக்கிடுகிற இடத்தில், காசு தராத பெண்கள் நாலு பேர் மட்டும் நிற்கிற நிறுத்தத்தில் வண்டி கொஞ்சம் தள்ளிப்போய்த்தான் நிற்கும். மனுஷ சுபாவம். தலைக்கணக்கில் பேட்டா கொடுத்தால் அதே வண்டி சரியாக வந்து நிற்கும். காசில்லாப் பயணத்துக்கும் சீட்டுக் கிழிப்பதால் எந்த ஸ்டேஜில் எத்தனை பெண்கள் ஏறினார்கள் என்ற கணக்கு மெஷினிலேயே இருக்கிறது. இது பெரிய புதையல். எங்கள் காலத்தில் இப்படி ஒரு கணக்கு வேண்டுமென்றால் ஆள் போட்டு நிறுத்தம் நிறுத்தமாக எண்ண வேண்டும்.

எங்கிருந்து ஆரம்பிப்பது என்று கேட்டீர்கள். எல்லோரும் பஸ்ஸில் ஏறி, இருப்பவர்களிடம் குறை கேட்பார்கள். அவர்கள் ஏற்கெனவே வந்தவர்கள். நீங்கள் பஸ் ஸ்டாண்டையும் ரயிலடியையும் ஒட்டியுள்ள டூவீலர் ஸ்டாண்டுக்குப் போங்கள். கிராமத்திலிருந்து பைக்கில் வந்து, அங்கே விட்டுவிட்டு, திருச்சிக்கோ கும்பகோணத்துக்கோ பஸ்ஸிலும் ரயிலிலும் போகிறவர்கள் அவர்கள். பொதுப் போக்குவரத்தே பிடிக்காதவர்கள் இல்லை, தன் ஊருக்கும் டவுனுக்கும் நடுவில் உள்ள அந்தப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் மட்டும் நம்மை நம்பாதவர்கள். ஸ்டாண்டுக்காரரிடம் நல்லபடி பேசி ஒரு வாரம் பக்கத்தில் உட்கார்ந்து, எத்தனை மணிக்கு டோக்கன் கிழிகிறது, எத்தனை மணிக்கு வண்டியை எடுக்கிறார்கள் என்று மட்டும் குறித்துக்கொண்டு வாருங்கள். எந்த ஊர் என்பதை அவர்களே சொல்வார்கள். ராத்திரி ஒன்பதுக்கு மேல் எடுக்கிறவர்கள் நிறைய இருக்கிற ஒரே ஒரு வழித்தடத்தை எடுத்து, அங்கே கடைசி வண்டியின் நேரத்தை மாற்றிப் பாருங்கள். அதற்கு மேலிடத்து அனுமதி வாங்க ஆறு மாதம் ஆகும், அதையும் இப்போதே எழுதிப் போட்டுவிடுங்கள்.